வேரும் அளவும்

மனிதனை வருத்தும் நோய்கள் இருவகைப்படும். தன் வரவைத் தானே முழக்கிக்கொண்டு வரும் நோய் ஒன்று. அரவமின்றி வந்தமர்ந்து, கொல்லும் நாள்வரை தன் பெயரையும் சொல்லாதிருக்கும் நோய் மற்றொன்று. முன்னதற்கு மருந்துண்ண எவரும் தயங்குவதில்லை. நோயே அவரை மருந்தினிடம் இழுத்துச் செல்லும். பின்னதற்கோ அறிவு ஒன்றுதான் இழுத்துச் செல்லவேண்டும். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர் இவ்வேறுபாட்டை உணர வெளியே சான்று தேடவேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரின் காலம் ஒரு சான்று. நம் காலம் மற்றொரு சான்று.

பாட்டன்மாரைக் கொன்ற நோய்களுள் முதன்மையானது மலேரியா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழித்து ரப்பர் நட்ட மலாயாத் தோட்டங்களில், அக்காய்ச்சல் லயம் லயமாகத் தமிழரை வாரிக்கொண்டு சென்றது. காய்ச்சல் மிகுந்த தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டிலேயே ஆட்களை வரிசையாக நிறுத்தி, டிரெசரின் கண்முன் கொயினாவை விழுங்கச் செய்யும் வழக்கம் இருந்தது. கசப்பான மருந்துதான், ஆயினும் குளிர் நடுக்கத்தைத் தன் உடம்பிற் கண்டவன் கசப்புக்கு அஞ்சுவானோ?

நம் காலத்து நோய் இரத்தக் கொதிப்பு. இதற்குப் பெரட்டு இல்லை, டிரெசரின் கண் இல்லை, நடுக்கமும் இல்லை. 2019-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 30 பேர் இந்நோய் உடையவர். அவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு நோய் உண்டென்பதையே அறியாதிருந்தனர். பெயரிலே கொதிப்பு இருக்கிறதேயன்றி உடம்பிலே கொதிப்பு ஒன்றும் தெரிவதில்லை. இரத்தம் உலைநீர்போற் கொதிப்பதுமில்லை. இருதயம் தள்ளுகின்ற இரத்தம் குழாய்களின் சுவர்மீது அளவுக்கு மிஞ்சி அழுத்துகின்றது, அவ்வளவே. அவ்வழுத்தம் ஆண்டுக்கணக்காக நீடிக்குமாயின் மூளையிற் குழாய் வெடிக்கும் அல்லது அடைபடும், இருதயம் தளரும், சிறுநீரகம் கெடும். கண்ணுக்குத் தெரியாத இப்பகையை மனிதன் எவ்வாறு கண்டான், எதனால் அடக்கினான் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றில் நம் நாட்டு வேர் ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வேர் நமக்குக் கற்பிக்கும் பாடமும் ஒன்றுண்டு.

1896-ஆம் ஆண்டை மலாக்கா மறப்பதற்கில்லை. அவ்வாண்டிலேதான் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். தமிழரின் தலையெழுத்தை மாற்றிய மரம் அது. அதே 1896-இல், இத்தாலி நாட்டில், ரிவா ரோச்சி என்னும் மருத்துவர் கையிற் பட்டை கட்டிப் பாதரசம் ஏற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். 1905-இல் ருசிய மருத்துவர் கொரோத்கோவ் அப்பட்டையின்கீழ்க் குழாய் வைத்து நாடியின் ஒலியைக் கேட்டு, மேலெண் கீழெண் இரண்டையும் குறிக்கும் முறையைக் கண்டார். மரமும் கருவியும் ஓராண்டில் உலகுக்கு வந்தன. மரத்தை நாம் நன்கறிந்தோம். கருவியை அறிய நமக்கு நெடுநாள் ஆயிற்று. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்க: கருவி வந்தபின்னரே இந்நோய்க்கு உண்மையான மருத்துவம் பிறந்தது. அளக்கவியலாத பகையை வெல்லவும் இயலாது.

நிற்க. வேரின் கதைக்கு வருவோம்.

சர்ப்பகந்தி என்பது ஒரு சிறு செடி. இந்தியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் இம்மலாயாத் தீபகற்பத்திலும் தானே முளைப்பது. அதன் வேர் பாம்புபோல் வளைந்திருத்தலாலும், பாம்புக்கடிக்கு மருந்தென்று மக்கள் நம்பினமையாலும் அதற்கு அப்பெயர் வந்ததென்பர். கீரியானது நாகத்தோடு பொருமுன் இவ்வேரைத் தின்றுவிட்டுச் செல்லுமென்னும் கதையைக் கேளாத கிராமத்தார் இலர். பீகாரில் இதனைப் பைத்தியத்துக்கு மருந்தென்றே அழைத்தனர். வெறிகொண்டு ஓடுபவனுக்கு இதன் பொடியைக் கொடுத்தால் அவன் அடங்கி உறங்குவானென்பது அவர்கள் பட்டறிவு. மேனாட்டுப் புலவர் இதற்கு இட்ட பெயரோ ராவுல்ஃபியா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவுல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயர். அவர் இந்தியாவைக் கண்டவரும் அல்லர். நம் மண்ணின் செடி, அதனைத் தன் மண்ணிற் காணாத ஒருவர் பெயரால் உலகமெங்கும் வழங்குகின்றது!

மக்களின் நம்பிக்கையில் ஒருபாதி பொய், ஒருபாதி மெய். பாம்பின் நஞ்சை இவ்வேர் முறிக்காது. ரப்பர்க் காட்டில் நாகம் தீண்டியவனுக்கு வேரைத் தேடிக்கொண்டிருப்பது அவனைக் கொல்வதற்கு ஒப்பாகும்; அவனுக்கு வேண்டுவது ஆஸ்பத்திரியும் நஞ்சுமுறி ஊசியுமே. ஆனால் வெறியை அடக்கும் என்றது மெய். எது பொய், எது மெய் என்று பிரித்துக் காட்டியது பழமையன்று, பரிசோதனை.

அப்பரிசோதனையை முதலிற் செய்தவர் வெள்ளையர் அல்லர் என்பது நாம் நெஞ்சிற் பதிக்கவேண்டிய செய்தி. 1931-இல் கல்கத்தாவில், ஆயுர்வேதமும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கே கற்ற கணநாத சேனும், அவருடன் கார்த்திக் சந்திர போசும், பித்துக்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கும் இவ்வேர் ஒரு புது மருந்து என்று ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினர். பொடியை நாளுக்கு இருவேளை, வேளைக்கு 20 முதல் 30 கிரெயின் என நிறுத்துக் கொடுத்தனர். வெறி தணிதலையும் அழுத்தம் இறங்குதலையும் கண்டனர். அதே 1931-இல் டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர் தம் உடனாய்வாளரோடு சேர்ந்து வேரினின்று பல சத்துக்களைப் பிரித்தெடுத்தார். அக்கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலீன் என்று பெயரிட்டார். 1933-இல் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவர்தம் குழுவினரும் வேரின் ஆற்றலை ஆராய்ந்து வெளியிட்டனர். கவிராஜரின் பை, ஹக்கீமின் கல்லூரி, அரசாங்கத்தின் ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரு வேரைச் சுற்றி நின்றன.

உலகம் கேட்டதா? கேட்கவில்லை. கல்கத்தா இதழை மேனாட்டு மருத்துவர் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190. அதற்கு ஓராண்டு முன்னரே அது 186-க்கு 108 என்று குறிக்கப்பட்டிருந்தது. ஓய்வு, உப்புக் குறைப்பு, இருதயத்துக்கு ஒரு மருந்து, உறக்கத்துக்கு ஒரு மருந்து: உலகின் மிகுந்த வலிமையுடைய நாடு தன் தலைவனுக்குக் கொடுக்க இயன்றது இவ்வளவே. அவ்வேர் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாம் சொல்லோம். ஆனால் கல்கத்தா அறிஞரின் கட்டுரை அச்சாகி அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை மட்டும் சொல்வோம். கறுத்த கை எழுதியதைப் படிக்க வெள்ளைக் கண்ணுக்கு அத்துணை நாள் பிடித்தது.

அக்கண்ணைத் திறந்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். அவர் 50 நோயாளர்க்கு இவ்வேரின் மாத்திரையைக் கொடுத்து, முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, கண்டதை 1949-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். பாஸ்டன் நகரத்து மருத்துவர் வில்கின்ஸ் வேரைத் தருவித்துத் தம் நோயாளரிடம் சோதித்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சீபா என்னும் மருந்துக் கம்பெனியின் அறிஞர்கள் வேரின் உயிர்ச்சத்தைத் தனியே பிரித்து, அதற்கு ரெசர்பீன் என்று பெயரிட்டனர். 1957-இல் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் முளைத்தது, பம்பாயிற் பூத்து, பேசலிற் காய்த்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். வேர் நம்முடையதாயின், அதனை நாமே இடித்துப் பொடித்து உண்ணலாகாதோ? மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஏன் நிற்கவேண்டும்? தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்றும் பலர் கேட்கும் கேள்வி இது. விடையையும் அவ்வேரின் வரலாறே கூறுகின்றது.

ஒரே செடியின் வேராயினும், விளைந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் செடியின் வயதுக்கும் ஏற்ப அதன் சத்து கூடும், குறையும். ஒரு கைப்பிடிப் பொடியில் எவ்வளவு மருந்துண்டு என்று கண்ணாற் காணவியலாது. பிரித்தெடுத்த சத்தோ நிறுக்கத்தக்கது. ஆயினும் நிறுக்கத்தக்க மருந்தையும் மனிதன் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தான். புது மருந்தின் புகழில் மயங்கிய நாட்களில் பலர்க்கு அது பெருமளவில், நெடுநாள் கொடுக்கப்பட்டது. அழுத்தம் இறங்கியது, அதனுடன் சிலருடைய உள்ளமும் இறங்கியது. உண்ண விருப்பமின்றி, உழைக்க விருப்பமின்றி, வாழவே விருப்பமின்றி அவர்கள் சோர்ந்தனர். 1954-இல் எட்வர்ட் ஃப்ரைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், பெருமளவில் நெடுங்காலம் ரெசர்பீன் உண்டவர்க்கு நேர்ந்த இம்மனச்சோர்வை எடுத்தெழுதி எச்சரித்தார். வெறியனை அடக்கிய வேரன்றோ? அளவு மீறினால் நல்லவனையும் அடக்கிவிடும்.

இங்கேதான் அறிவின் அழகு விளங்குகின்றது. குறை கண்ட ஃப்ரைஸ் மருந்தைத் தூக்கி எறியவில்லை, அளவைக் குறைத்தார். அவர் தலைமையில் அமெரிக்கப் பழைய போர்வீரர் ஆஸ்பத்திரிகள் கூடி ஒரு பெரும் பரிசோதனை நடத்தின. கீழெண் 115-க்கும் 129-க்கும் இடைப்பட்ட 143 ஆடவரை எடுத்துக்கொண்டனர். 73 பேர்க்கு மூன்று மருந்துகள் கொடுக்கப்பட்டன: சிறுநீரை மிகுவித்து உப்பை வெளியேற்றும் மாத்திரை ஒன்று, குழாய்களைத் தளர்த்தும் ஹைட்ரலசீன் ஒன்று, மற்றொன்று நம் ரெசர்பீன். அதன் அளவு நாளுக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்திலொரு பங்கு மட்டுமே. மற்ற 70 பேர்க்கு மருந்தில்லா வெறும் மாத்திரை. எவர்க்கு எது என்பதை உண்டவரும் அறியார். கொடுத்த மருத்துவரும் அறியார். 1967-இல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டவருள் 27 பேர்க்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. 4 பேர் மாண்டனர். மருந்துண்டவருள் தீங்குற்றவர் இருவரே, மாண்டவர் ஒருவருமிலர். இரத்தக் கொதிப்பை மருந்தால் அடக்கினால் உயிர் நிலைக்கும் என்பது இப்பரிசோதனையால் ஐயமற நிலைநாட்டப்பட்டது. கல்கத்தாக் கவிராஜரின் வேர் அவ்வெற்றியிற் பங்குகொண்டது. நிறுத்த அளவிலே பங்குகொண்டது.

அப்பரிசோதனையைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். நமக்கு மிகவும் வேண்டுவது அதுவே. பரிசோதனை தொடங்குமுன் மருத்துவர்கள் நோயாளரை ஒரு தேர்வுக்கு உட்படுத்தினர். மாத்திரையுள் ரைபோஃபிளேவின் என்னும் மஞ்சள் நிற வைட்டமினைக் கலந்து கொடுத்தனர். உண்டவனுடைய சிறுநீர் புற ஊதா விளக்கொளியில் மின்னும். உண்ணாமல் உண்டேன் என்றவனுடையது மின்னாது. மீதி மாத்திரைகளையும் எண்ணினர். தவறாது உண்பவரே சேர்த்துக்கொள்ளப்பட்டனர், மற்றவர் நீக்கப்பட்டனர். ஏன்? டப்பியிற் கிடக்கும் மாத்திரைக்கு ஆற்றல் இல்லை. உயிரைக் காத்தது மருந்து மட்டுமன்று. மருந்தும் ஒழுங்கும் சேர்ந்தே காத்தன. பெரட்டுக் களத்தில் டிரெசரின் கண் செய்த வேலையை அங்கே விளக்கொளி செய்தது. நம் வீட்டில் அதனைச் செய்யவேண்டியவர் நாமே.

ரெசர்பீனின் ஆட்சி இன்று முடிந்துவிட்டது. அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் பல வந்துவிட்டமையால் அது மிக அருகியே வழங்குகின்றது. அப்புது மருந்துகளுள் ஒன்றன் பிறப்பு வேடிக்கையானது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றன் நஞ்சில், அழுத்தத்தை இறக்கும் தன்மையுள்ள பொருளை 1965-இல் ஃபெரேரா என்னும் அந்நாட்டு அறிஞர் கண்டு கூறினார். அவ்வழியே ஆராய்ந்து கேப்டோப்ரில் என்னும் மாத்திரையை ஆக்கினர். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பாம்பின் பெயர் பூண்ட வேர் பாம்புக்கடியைத் தீர்க்கவில்லை. பாம்பின் நஞ்சோ இரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று! நஞ்சையும் மருந்தாக்குவது அளவு. மருந்தையும் நஞ்சாக்குவது அளவின்மை.

இனி நம் லயங்களுக்கும் வீடுகளுக்கும் திரும்புவோம். நம்மவர் செய்யும் பிழைகள் புதியன அல்ல. வேரின் வரலாற்றில் நாம் கண்டவையே.

முதற்பிழை, உடம்பு நலமாயிருக்கிறதென்று மருந்தை நிறுத்துதல். அழுத்தம் இறங்கியது மாத்திரையால். மாத்திரை நின்றால் அது மீண்டும் ஏறும். இருதயத் துடிப்பைத் தணிக்கும் சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் மார்வலியும் மாரடைப்பும் வருதல் உண்டு. நிறுத்துவதாயினும் குறைப்பதாயினும் மருத்துவரைக் கேட்டே செய்க. ஒருவேளை மறந்தால் மறுவேளைக்கு இரண்டாக விழுங்கற்க.

இரண்டாம் பிழை, தொல்லையை மறைத்தல். விடியுமுன் மரம் வெட்டச் செல்லும் ஒருவர் சிறுநீர் மாத்திரையை விட்டுவிடுகின்றார். காட்டிலே அடிக்கடி ஒதுங்கவேண்டியிருக்கிறதென்பது காரணம். மற்றொருவர்க்கு வறட்டிருமல், கேப்டோப்ரில் இனத்து மருந்துகளால் சிலர்க்கு அது வரும். இன்னொருவர்க்குக் கணுக்கால் வீக்கம். அம்லோடிபீனால் அது வருதலுண்டு. இவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை அடுப்பங்கரை மூலையில் சேர்த்துவைக்கின்றனர். சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றிக் கொடுப்பார். மருந்தையே மாற்றிக் கொடுப்பார். ஃப்ரைஸ் செய்தது அதுவன்றோ? கருவுற்ற பெண்கள் கட்டாயம் கூறவேண்டும். கேப்டோப்ரில் இனத்து மருந்துகள் சிசுவுக்குக் கேடு செய்யும்.

மூன்றாம் பிழை, பிறருடைய மாத்திரையை உண்ணுதலும் தன் மாத்திரையைப் பிறர்க்கு ஈதலும். பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கேட்ட மருந்து நம் உடம்புக்கும் கேட்கும் என்பது என்ன உறுதி? அவருடைய சிறுநீரகம் வேறு, நம்முடையது வேறு.

நான்காம் பிழை, மாத்திரைமேல் மருந்து சேர்த்தல். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை அழுத்தத்தை ஏற்றும், மாத்திரையின் வலிமையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பெயரறியாப் பொடிகளிலும் குளிகைகளிலும் ஸ்டீராய்டு என்னும் கடுமருந்து களவாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய அதிகாரிகள் பன்முறை கண்டுபிடித்துள்ளனர். உண்டதும் வலி பறந்துபோம். அழுத்தம் ஏறுவதை உண்டவர் அறியார். இந்நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருட் சட்டம் இத்தகைய கடுமருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றது. 1985 முதல் மருந்துகளைப் பதிவுசெய்யும் முறையும் நடக்கின்றது. எம்.ஏ.எல். என்னும் எழுத்துக்களோடு கூடிய பதிவெண்ணும் ஒளிரும் முத்திரையும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதிருப்பது நலம். நாட்டு மருந்து உண்பவர் அதனை மருத்துவரிடம் ஒளிக்கற்க. சர்ப்பகந்திப் பொடியையும் ஆஸ்பத்திரி மாத்திரையையும் தாமாகவே சேர்த்துண்பவர் ஒரு சுமைமேல் மறுசுமை ஏற்றுபவராவர். அழுத்தம் அளவுக்கு மிஞ்சி இறங்கி மயங்கி விழுதலும் நேரும்.

கருவாடும் ஊறுகாயும் நாள்தோறும் மிகுதியாக உண்டு, கள்ளும் சம்சுவும் மாந்தி, மாத்திரை மட்டும் காப்பாற்றுமென்று இருப்பதும் அறியாமையே. மாத்திரை ஒரு கையால் இறக்குவதை நாம் இரு கையால் ஏற்றலாமோ?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக்கிக் கூறுகின்றார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அளிப்பவன். மருத்துவரை அரசாங்கம் தந்திருக்கின்றது. மருந்தை அறிவுலகம் தந்திருக்கின்றது. அதிலே நம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் பங்குண்டு. மற்ற இரண்டும் நம்மிடமே உள்ளன. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் அரசாங்க மருந்தகத்தினின்று முதியவர் கொண்டுவரும் மாத்திரை உறையின்மேல் மலாய்மொழியில் எழுதியிருப்பதை, பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டட்டும். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று நாட்காட்டிக்கு அருகே தமிழில் எழுதி ஒட்டட்டும். மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்த எண்ணை அதனருகே குறித்துவைக்கட்டும். அப்பிள்ளையே வள்ளுவர் கூறிய நான்காமவன்.

பாட்டன் பெரட்டுக் களத்தில் கட்டளைக்குப் பணிந்து கொயினா விழுங்கினான். பேரன் கட்டளையின்றித் தன் அறிவுக்குப் பணிந்து மாத்திரை உண்ணட்டும். வேர் நம்முடையது என்று பெருமை கொள்ளுதல் தகும், அளவும் நம்முடையதாகட்டும்.